ஏழாம் போத்தலின் சேறு

ஏழாம் போத்தலுக்குள் கிடந்த சேறு இரண்டு விரல் உயரமா, நாலு விரல் உயரமா?

மூன்று வருடமாக இதற்கு என்னிடம் பதில் இல்லை. அரிசி கழுவிய தண்ணீர் தெளிந்து அடியில் மா படிவதைப் பார்த்தால் இந்தக் கேள்வி வந்துவிடும். மழைக்குப் பிறகு முற்றத்து வாளிக்குள் மண் தங்கியிருந்தாலும் வந்துவிடும். உடனே விரலை விட்டு அளந்து பார்ப்பேன். வீட்டில் எல்லாரும் சிரிப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எனக்கும் சிரிப்பு வரும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஒரு கடலோரக் கல்லுப்பாரும் என் வாப்பாவின் வயலும் அந்த இரண்டு விரலுக்கும் நாலு விரலுக்கும் நடுவில் கிடக்கின்றன. ஆகையால் முதலிலிருந்தே சொல்கிறேன். எழுதிக்கொண்டு போகும்போது நான் கவனிக்காமல் விட்ட ஏதாவது ஒன்று கண்ணில் பட்டாலும் படும்.

எங்கள் கிழக்குக் கரையில் சூறாவளி அடித்த மறு வருடம் எனக்கு அந்த வேலை கிடைத்தது. உயர்தர வகுப்பில் விலங்கியல் படித்துவிட்டு ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருந்தேன். நியமனத்துக்கு முன்பே கலியாணம் வந்தது. பிறகு மகள் வந்தாள். நியமனம் மட்டும் வரவில்லை. கல்முனையில் ஒரு பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்த என் கணவர், அங்கே கடல்வளம் பார்க்கும் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் எட்டு மாதத்துக்கு உதவியாளர் ஒருவர் தேவை என்று கேள்விப்பட்டு வந்து சொன்னார். என்ன வேலை என்று கேட்டேன். சிப்பி எண்ணுவதும் சேறு அளப்பதும் என்றார். நான் அதற்குப் படித்திருக்கிறேனா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. யாருமே அதற்குப் படித்திருக்க மாட்டார்கள் என்று அவர் ஆறுதல் சொன்னார்.

நாங்கள் இருந்தது அக்கரைப்பற்றில், எங்கள் பக்கத்து வழக்கப்படி எனக்குச் சீதனமாகத் தந்த வீட்டில். வேலிக்கு அந்தப் பக்கம் உம்மாவும் வாப்பாவும். மகளுக்கு ஒன்றேகால் வயது. வேலை நடக்கும் இடம் தம்பிலுவிலுக்கு அப்பால், உப்புநீர் ஏரியான களப்பு கடலோடு சேருகிற முகத்துவாரத்துக்குப் பக்கத்தில். அங்கே கடலுக்குள் பாதியும் களப்புப் பக்கம் பாதியுமாக ஒரு கற்கூட்டம் தாழ்ந்து கிடக்கிறது. அதைப் பார் என்பார்கள். நீர் வற்றும் நேரத்தில் போனால் கல்லே தெரியாதபடி சிப்பி ஒட்டியிருக்கும்.

சிப்பியை ஏன் எண்ண வேண்டும் என்று உம்மா கேட்டது போல நீங்களும் கேட்பீர்கள். மாரி மழையில் களப்பு நிரம்பினால் சுற்றியுள்ள வயல்கள் மூழ்கும். அப்போது மணல்திட்டை வெட்டி வாய் திறந்து தண்ணீரைக் கடலுக்கு விடுவார்கள். எந்த இடத்தில் வெட்டுவது என்பதில்தான் வழக்கு. தெற்கால் வெட்டினால் தண்ணீர் சுறுக்காக வடியும், ஆனால் சேறு முழுதும் பாரின் மேல் வந்து இறங்கும், சிப்பி மூச்சுமுட்டிச் சாகும் என்று சிப்பி எடுத்துப் பிழைப்பவர்கள் சொன்னார்கள். வடக்கால் வெட்டினால் பார் தப்பும், ஆனால் வயலில் தண்ணீர் இரண்டு நாள் கூடுதலாக நிற்கும், பயிர் அழுகும் என்று வயற்காரர்கள் சொன்னார்கள். அளந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்று கந்தோர் சொன்னது. அளக்கப் போனது நான்.

வயற்காரர்களில் ஒருவர் என் வாப்பா. இதை வேலைக்குச் சேர்ந்த அன்றே கந்தோர் ஐயாவிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. அவர் வேறு மாகாணத்துக்காரர், தமிழை அளந்து அளந்து பேசுவார். சேற்றுக்கு உங்கள் வாப்பாவைத் தெரியாதுதானே என்றார்.

தண்ணீர் என்றால் எனக்குப் பயம். அதனால் பாரில் சிப்பி எடுக்கும் ஒரு தம்பிலுவில் அக்காவை என்னோடு கூட வர ஏற்பாடு செய்திருந்தார்கள். அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். சிப்பியைக் கல்லிலிருந்து பெயர்த்து, உடைத்து, இறைச்சியை விற்றுத்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. முதல் நாள் நான் நல்ல சேலை கட்டி, அதற்குள் பாதுகாப்புக்குக் கணவரின் பழைய காற்சட்டையும் போட்டு, குடையும் பிடித்துக்கொண்டு போய் இறங்கினேன். அக்கா என்னைக் காலிலிருந்து தலைவரை பார்த்தாள்.

“என்னகா புள்ள, சிப்பி எண்ண வந்தியா, சிப்பிக்கு மாப்பிள்ளை பாக்க வந்தியா?”

எண்ணுவது எப்படியென்றால், அரை மீற்றர் நீள அகலத்தில் ஒரு மரச் சட்டம் தந்திருந்தார்கள். குறித்து வைத்த இடங்களில் அதைக் கல்லின் மேல் வைத்து, சட்டத்துக்குள் உயிருள்ள சிப்பி எத்தனை, செத்தது எத்தனை என்று எழுத வேண்டும். பிறகு அடிமட்டத்தால் பத்துச் சிப்பியின் நீளம் பார்க்க வேண்டும். கேட்கச் சுலபம். ஆனால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, ஒன்றின் முதுகில் இன்னொன்று குட்டி போட்டது போல ஒட்டியிருக்கும் கூட்டத்தில் எது ஒன்று, எது இரண்டு என்று எனக்கு விளங்கவில்லை. ஒரே சட்டத்தை மூன்று தரம் எண்ணினேன். மூன்று விடை வந்தது. நடு விடையை எழுதினேன். பஸ்ஸில் வரும்போது பெரிய விடைதான் சரியோ என்று தோன்றியது.

உயிருள்ளதைக் கண்டுபிடிக்க அக்கா ஒரு வழி வைத்திருந்தாள். தண்ணீர் தேங்கிய குழிக்குள் இருக்கும் சிப்பி வாயைக் கொஞ்சம் திறந்து வைத்திருக்கும். அதன் மேல் கையின் நிழலைப் போட்டால் உயிருள்ளது பட்டென்று மூடிக்கொள்ளும். செத்தது பிளந்தோ மூடியோ கிடந்தபடியே கிடக்கும். நான் அந்த வழியைப் பின்பற்றி ஒரு குழியில் எண்ணிவிட்டு அடுத்த குழிக்குப் போனால் அங்கே எல்லாம் மூடிக் கிடந்தன. அதற்கடுத்த குழியிலும் அப்படித்தான். இந்தப் பாரில் செத்ததே இல்லை என்று மகிழ்ச்சியாக எழுதப் போனேன். அக்கா என் தலைக்கு மேல் கையைக் காட்டினாள்.

“குடைய மடக்கு புள்ள. நீ வாற தூரத்திலயே அதுகளுக்கு இருட்டிட்டு.”

வீட்டில் உம்மாவுக்கு வேறு கவலை. சிப்பி தின்பது ஹலாலா இல்லையா என்று அவவுக்கு நிச்சயமில்லை. அப்படியிருக்க நாள் முழுக்க அதைத் தொட்டுக்கொண்டிருப்பது எப்படி என்று கேட்டா. வாப்பா, தின்பதற்குத்தான் சட்டம், எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். ஆனாலும் நான் கிணற்றடியில் குளித்துவிட்டு வரும்வரை உம்மா பிள்ளையை என் கையில் தர மாட்டா. மகளோ என் விரல்களில் உப்பு ருசி கண்டுவிட்டாள். பாருக்குப் போகாத நாட்களில் என் விரலை நக்கிப் பார்த்து முகத்தைச் சுளிப்பாள். உப்பு பிள்ளைக்குக் கூடாதே என்று நான் டாக்டரிடமே போய்க் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதவில்லை.

சேற்றுக்குப் போத்தல். ஒரே அளவான, வாய் அகன்ற எட்டு ஜாம் போத்தல் வேண்டும். கந்தோர் இரும்புக் கம்பி தந்தது, போத்தல் தரவில்லை. என் உறவுக்காரர் வீடுகளில் எல்லாம் அந்தக் கிழமை காலையும் மாலையும் பாணும் ஜாமும்தான். எட்டுப் போத்தலுக்கும் சிவப்பு மையால் இலக்கம் போட்டேன். ஒன்றிலிருந்து நாலு வரை பாரின் வடக்குப் பாதியில், ஐந்திலிருந்து எட்டு வரை தெற்குப் பாதியில். கல் இடுக்கில் அடித்த கம்பியோடு சேர்த்துக் கட்டி, மூடியைக் கழற்றி விட்டுவிடுவோம். ஒரு மாதத்தில் அதற்குள் தானாக விழும் சேறுதான் கணக்கு. மாத முடிவில் எடுத்து, மூடி, ஒரு இரவு அசையாமல் வைத்து உயரத்தைப் பார்க்க வேண்டும். பத்திரத்தில் மில்லிமீற்றரில் எழுதுவேன். எனக்குள் விரலால்தான் கணக்கு. விரல் கூடவே வரும், அடிமட்டம் இரண்டு தரம் தொலைந்துவிட்டது.

வாய் வெட்டிய பிறகு வரும் மாதத்தின் அளவுதான் முடிவு சொல்லும். தெற்கு நாலு போத்தலின் சேறும் சேர்ந்து வடக்கு நாலின் இரட்டிப்பைத் தாண்டினால் அடுத்த மாரியில் வெட்டும் இடம் வடக்கே மாறும். தாண்டாவிட்டால் தெற்கேதான்.

இனித் தொதலுக்கு வருகிறேன். இந்தக் கதையில் தொதலுக்கும் இடம் உண்டு.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு உம்மா தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்துத் தொதல் கிண்டினா. அக்காவுக்கும் கொடுக்க வேண்டும் என்று துண்டு துண்டாக வெட்டி, மிச்சமாக இருந்த ஒன்பதாவது ஜாம் போத்தலுக்குள் அடுக்கிக் கொண்டுபோனேன். அக்கா சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் முஸ்லிம் வீடோ தமிழ் வீடோ, பலகாரம் வந்த பாத்திரத்தை யாரும் வெறுமனே திருப்பி அனுப்புவதில்லை. ஒரு பிடி சீனியாவது, தோட்டத்துக் கத்தரிக்காய் நாலாவது உள்ளே இருக்க வேண்டும். ஒன்றும் இல்லாவிட்டால் ஒன்று கிடைக்கும்வரை பாத்திரம் அங்கேயே இருக்கும். எங்கள் வீட்டில் ஒரு பீங்கான் கோப்பை இரண்டு வருடம் அப்படி இருந்திருக்கிறது.

மாரி தொடங்கியதும் ஓர் அலையில் ஏழாம் போத்தல் கல்லில் மோதி உடைந்தது. கையில் வேறு இல்லை. வாய் வெட்டப்போகும் நாளும் நெருங்கிவிட்டது. நான் கரையில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது அக்கா வீட்டுக்கு ஓடி அந்தத் தொதல் போத்தலைக் கழுவிக் கொண்டுவந்தாள். நான் அதற்கு 7 என்று சிவப்பு மை பூசினேன். அக்கா அதைக் கம்பியில் கட்டிக்கொண்டே, இது உன்ட போத்தல், நான் இன்னும் திருப்பித் தரல்ல, மறந்துபோயிடாத என்றாள். நான் சிரித்தேன். மறக்கக் கூடாதவள் நான்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. படித்தவள்தானே.

வாயைத் தெற்கால் வெட்டினார்கள். களப்பு மூன்று நாள் மண்நிறமாகக் கடலுக்குள் ஓடியது. ஒரு மாதம் கழித்துத் தைப்பொங்கலை அடுத்து வந்த ஒரு புதன்கிழமை போத்தல்களை எடுக்க வேண்டிய நாள். செவ்வாய் பின்னேரம் மகளுக்குக் காய்ச்சல் கொதித்தது. புதன் முழுதும் அவள் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு, ஒரு கண் பிள்ளையிலும் ஒரு மனம் போத்தலிலுமாக இருந்தேன். நாள் தவறினால் கணக்குக் கெட்டுவிடும். போகலாம் என்று எழும்புவேன், பிள்ளை சிணுங்கும், உட்காருவேன். வெள்ளிக்கிழமை காய்ச்சல் இறங்கியது. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் போனேன்.

அக்கா என்னைக் கைவிடவில்லை. புதன்கிழமையே தனியாகக் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி எட்டையும் எடுத்துவிட்டாள். அடுப்படி மூலையில் ஒரு பலகையில் வரிசையாக வைத்து, இறுக்கி மூடி, பூனை தட்டாமல் ஓலைக் கடகத்தால் மறைத்து வைத்திருந்தாள். அவள் கடகத்தைத் தூக்கினாள். ஒன்று முதல் ஆறு வரை அடியில் சேறு, மேலே தெளிந்த தண்ணீர், அழகாக. எட்டும் அப்படித்தான். ஏழுக்குள் எள்ளுருண்டை.

மூடி வரை எள்ளுருண்டை. வெளியில் சிவப்பாக 7.

“அக்கா, இதுக்குள்ள கிடந்தது எங்க?”

“எது?”

“சேறு.”

“ஊத்திட்டன்.” நான் மூடியைத் திறந்து உருண்டைகளுக்கு நடுவில் தேடியதைப் பார்த்து அவளுக்கே மனம் நொந்தது. “பெருநாளைக்குத் தொதல் வந்த போத்தல் புள்ள அது. மற்றதெல்லாம் கந்தோர்ப் போத்தல், அதுகளுக்குள்ள என்னத்தையும் குடுக்கலாம். இதுக்குள்ள சேத்தப் போட்டு அனுப்பினா உன்ட உம்மா என்னைப் பத்தி என்ன நினைப்பா?”

அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. மூன்று தரம் கொதிநீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, பொங்கலுக்குச் செய்த எள்ளுருண்டையில் உடையாததாகப் பொறுக்கி அடுக்கியிருக்கிறாள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

சேற்றை எங்கே ஊற்றினாள் என்று கேட்டேன். வேலியோரத்து மிளகாய்க் கன்றின் அடியில். நான் ஒரு சிரட்டையை எடுத்துக்கொண்டு போய் முழங்காலில் நின்று சுரண்டினேன். சேறு வந்தது, அடுப்புச் சாம்பல் வந்தது, மீன் செதில் வந்தது. கோழி எனக்கு முன்பே அந்த இடத்தை நன்றாகக் கிளறியிருந்தது. கன்றைப் பேர்த்துப் போட்டிடாத, இப்பதான் பூத்திருக்கு என்று அக்கா பின்னால் நின்று கவலைப்பட்டாள்.

சிரட்டையை வைத்துவிட்டு, ஊற்றும்போது எவ்வளவு உயரம் இருந்தது, நினைவிருக்கிறதா என்று கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. இரண்டு விரலைக் குறுக்காகப் போத்தலின் அடியில் வைத்துக் காட்டினாள்.

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறியிருந்தால் எல்லாம் வேறாகியிருக்கும். எனக்கு எதையும் விளங்கப்படுத்தாமல் இருக்க முடியாது. இது சும்மா சேறில்லை அக்கா, தெற்கு வடக்கின் இரட்டிப்பைத் தாண்டினால்தான் வெட்டும் இடம் மாறும் என்று முழுவதையும் சொன்னேன். எட்டு மாதமாக என்னோடு தண்ணீரில் நின்றவளுக்கு அதை அன்றுதான் சரியாகச் சொல்கிறேன் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

அக்கா திண்டில் அமர்ந்தாள். போத்தலை வாங்கி எள்ளுருண்டைகளை என் முந்தானையில் கொட்டினாள். வெறும் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு நாலு விரலை வைத்தாள்.

“ரெண்டு எண்டு சொன்னது அடியில இறுகிக் கிடந்த மண்ண. அதுக்கு மேல கூழ் மாதிரி ரெண்டு விரல் கிடந்திச்சு. நான் அதைத் தண்ணியோட சேத்து முதல்லயே சாய்ச்சிட்டன்.”

“கூழ் எண்டா சேறா அக்கா, தண்ணியா?”

“சிப்பிக்கு மூச்சு முட்டுறது கூழாலதான் புள்ள. மண்ணுக்கு அது பயப்படாது.”

இது உண்மை. பாரிலேயே பார்த்திருக்கிறேன், படித்தும் இருக்கிறேன். ஆனால் அந்தக் கூழ் இருந்ததா, அல்லது நான் சொன்னதைக் கேட்ட பிறகு வந்ததா? அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் கள்ளம் எதுவும் இல்லை. பிறகு, எனக்கு உதவி செய்யும் எண்ணத்தோடுதான் கேட்டாள்.

“உனக்கு எவ்வளவு வேணும் எண்டு சொல்லன். மறுகா நான் நினைச்சுப் பாக்கிறன்.”

பஸ்ஸில் மடியில் ஏழு போத்தல் சேறும் திரும்ப நிரப்பிய ஒரு போத்தல் எள்ளுருண்டையுமாக வந்தேன். பதற்றத்தில் மூன்று எள்ளுருண்டை தின்றுவிட்டேன். நல்ல ருசி. அதுவும் எனக்குக் குற்ற உணர்வாக இருந்தது.

வீட்டில் கணக்குப் போட்டோம். வடக்கு நாலும் சேர்ந்து ஆறு விரல். அதன் இரட்டிப்புப் பன்னிரண்டு. தெற்கில் ஐந்து, ஆறு, எட்டு மூன்றும் சேர்ந்து ஒன்பது. ஏழில் இரண்டு என்றால் பதினொன்று, தாண்டவில்லை. நாலு என்றால் பதின்மூன்று, தாண்டிவிட்டது. என் கணவர் கணித ஆசிரியர். பக்கத்துப் போத்தல்கள் எல்லாம் மூன்று, ஆகையால் ஏழும் மூன்று என்று எழுதி முடி என்றார். மூன்று என்றால் சரியாகப் பன்னிரண்டு. தாண்ட வேண்டும் என்றல்லவா சொல்லியிருக்கிறார்கள் என்றேன். அப்படியென்றால் மூன்று விரலும் ஒரு எள்ளும் என்று போடு என்றார்.

நான் விடவில்லை. கிணற்றடிச் சேற்றில் கூழ் கரைத்து, வேறொரு ஜாம் போத்தலில் இரண்டு விரல் மண்ணுக்கு மேல் இரண்டு விரல் கூழ் நிற்கும்படி ஊற்றி, ஒரு இரவு வைத்துப் பார்த்தேன். காலையில் கூழ் ஒரு விரலாக அமர்ந்திருந்தது. ஆக, மூன்று. அக்கா புதன் காலையே ஊற்றிவிட்டாள், அது அமர்வதற்கு நேரம் இருந்திருக்காது. ஆக, நாலு பார்த்திருக்கலாம், ஆனால் அது மூன்று. அல்லது பாரின் கூழ் கிணற்றடிக் கூழ் போல அமராது. ஆக, நாலு. இப்படி நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது மகள் ஒரு கரண்டியைப் போத்தலுக்குள் விட்டு நன்றாகக் கலக்கிவிட்டாள்.

அன்று பின்னேரம் வாப்பா வந்தார். எள்ளுருண்டை ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே, இந்த முறை தண்ணீர் கெதியாக வடிந்துவிட்டது, தாழ்ந்த வரவைகூடத் தப்பிவிட்டது என்றார். வரவை என்றால் வரப்புக் கட்டிய வயல் துண்டு. எங்களுடையதில் ஒன்று களப்போடு ஒட்டித் தாழ்ந்து கிடக்கும். வேலையைப் பற்றி அவர் என்னிடம் ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை. அன்று மட்டும் கேட்டார்.

“உன்ட போத்தல் என்ன சொல்லுது?”

“அது இன்னும் வாய் திறக்கல்ல வாப்பா.”

“திறந்தா நம்மட வரவையையும் ஒரு வார்த்தை விசாரிக்கச் சொல்லு.” இன்னும் ஒரு உருண்டையை எடுத்துக்கொண்டு வேலிப் பக்கம் போய்விட்டார். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

திங்கட்கிழமை கல்முனைக்குப் போனேன். ஏழாம் போத்தலுக்கு எதிரே இலக்கம் எழுதவில்லை. குறிப்பு எழுதுவதற்கு விட்டிருந்த சிறிய கட்டம் போதாமல் மூன்று பக்கம் தனியாக எழுதி ஊசியால் குத்தியிருந்தேன். தொதல், ஹஜ்ஜுப் பெருநாள், மிளகாய்க் கன்று, கோழி எல்லாம் அதில் இருந்தன. அக்கா காட்டிய விரல்கள் மட்டும் இல்லை. எழுதத்தான் நினைத்தேன். இரண்டை முதலில் எழுதினால் நாலு பொய் போலத் தெரிந்தது. நாலை முதலில் எழுதினால் இரண்டு தேவையில்லாதது போலத் தெரிந்தது. நாலு தாளைக் கிழித்த பிறகு, நேரில் சொல்லிவிடலாம் என்று விட்டுவிட்டேன்.

ஐயா மூன்று பக்கத்தையும் பொறுமையாக வாசித்தார். எள்ளுருண்டை வந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கேட்டார்.

“அந்த அம்மா எவ்வளவு இருந்தது என்று சொன்னா?”

“நாலு விரல்” என்றேன்.

அவ்வளவுதான். அதற்கு முன்னால் இரண்டு என்று சொன்னா என்ற வசனம் தொண்டையில் ஆயத்தமாக நின்றது. ஐயா குனிந்து பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தார். கண்டவர் சொன்னபடி என்று பக்கத்தில் குறித்தார். எழுதி முடிக்கட்டும் என்று மரியாதைக்குக் காத்திருந்தேன். எழுதி முடித்ததும் தொலைபேசி மணி அடித்தது. அவர் கதைத்துக்கொண்டே எனக்குத் தலையசைத்தார். நான் வெளியே வந்தேன். படியில் இரண்டு தரம் திரும்பினேன். அக்கரைப்பற்று பஸ் புறப்படப் பார்த்தது.

அன்று என் மனதுக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம் இதுதான். நான் சொன்னது என் வாப்பாவின் வயலுக்கு எதிரானது. ஆகவே அது நேர்மையானது. பஸ் நிந்தவூரைத் தாண்டும்வரை இந்தச் சமாதானம் தாங்கியது. அதற்குப் பிறகு, சொந்த வாப்பாவுக்கு எதிராகச் சொன்னால் பொய்யும் உண்மையாகிவிடுமா என்று ஒரு கேள்வி வந்து பக்கத்து ஆசனத்தில் உட்கார்ந்துகொண்டது. அது இன்னும் இறங்கவில்லை.

அடுத்த மாரியில் வாயை வடக்கால் வெட்டினார்கள். எங்கள் தாழ்ந்த வரவையில் தண்ணீர் கூடுதலாக நின்றது, பயிர் போனது. வாப்பா அதற்குள் வலை போட்டு நாலு செல்வன் மீன் பிடித்து வந்து, இந்த வருடம் நெல்லுக்குப் பதிலாகச் செல்வன் விளைந்திருக்கிறது என்று உம்மாவிடம் கொடுத்தார். அந்த வருடம் மழையும் கூடுதல்தான். தெற்கால் வெட்டியிருந்தாலும் போயிருக்கும் என்று பலர் சொன்னார்கள். சிலர் சொல்லவில்லை. ஏழாம் போத்தலின் கதை அவருக்குத் தெரியாது. முடிவு சேற்றின் முடிவு என்று அவர் ஏற்றுக்கொண்டார். சேற்றுக்கு அவரைத் தெரியாதுதானே.

என் எட்டு மாத வேலை அந்த முதல் மாரியோடே முடிந்திருந்தது. அதற்கு மறு வருடம் என் நியமனமும் வந்தது. சென்ற பள்ளி விடுமுறையில் மகளையும் கூட்டிக்கொண்டு பாருக்குப் போனேன். அக்கா எங்களைக் கைபிடித்து இறக்கினாள். பழைய குறியில் சட்டம் இல்லாமல் கண்ணளவில் எண்ணினேன். சிப்பி கூடியது போலத்தான் இருந்தது. நான் கூடியிருக்க வேண்டும் என்று நினைத்து எண்ணியதால் அப்படியா என்றும் தெரியவில்லை. மகள் குனிந்து சிப்பிகளின் மேல் தன் நிழலைப் போட்டாள். பட்டுப் பட்டென்று மூடின. அவளுக்குப் பெரிய சந்தோஷம். அன்று அக்காவின் வீட்டுக்கு ஓடு போட்டிருப்பதையும் பார்த்தேன். அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி வந்தது. அதற்குப் பின்னாலேயே வாப்பாவின் வரவை வந்தது.

அந்தப் போத்தல் இன்னும் இருக்கிறது. பெருநாளுக்கு இங்கிருந்து தொதலோடு போகும், பொங்கலுக்கு அங்கிருந்து எள்ளுருண்டையோடு வரும். சிவப்பு ஏழு பாதி அழிந்து ஒரு கோடாக நிற்கிறது. இப்போது அது என் அலுமாரியில் வெறுமையாக இருக்கிறது, ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் போக வேண்டியது. ஒவ்வொரு முறையும் அதைக் கொடுக்கும்போது, அக்கா, உண்மையில் எவ்வளவு என்று கேட்க நினைக்கிறேன். இரண்டு என்று சொன்னால் நான் யாரிடம் போய்ச் சொல்வது, வாப்பாவிடமா, கந்தோரிடமா? வெட்டும் இடம் திரும்பவும் தெற்கே போனால் அக்காவின் முகத்தை எப்படிப் பார்ப்பது? நாலு என்று சொன்னால், நான் நம்புவேனா? மூன்று வருடத்தில் அவளுக்கே எது கண்டது, எது சொன்னது என்று கலந்து போயிருக்காதா? கேட்பதே அவளைச் சந்தேகப்பட்டதாகிவிடாதா?

என் கணவரிடம் கேட்டால் மூன்று என்கிறார். உம்மாவிடம் கேட்கவில்லை. ஆகவே வாசிப்பவர்களிடம் கேட்கிறேன். உங்களில் அளந்தவர்கள் இருப்பீர்கள், அயல்வீட்டோடு பாத்திரம் மாற்றிக்கொள்கிறவர்கள் இருப்பீர்கள், வாப்பாவிடம் ஒன்றை மறைத்து வைத்திருப்பவர்களும் இருப்பீர்கள். பெருநாளுக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. போத்தலோடு கேள்வியையும் அனுப்பட்டுமா, தொதலை மட்டும் அனுப்பட்டுமா? தயவுசெய்து யாராவது எழுதிச் சொல்லுங்கள்.